நீ பார்த்து உட்கார்ந்த பக்கம்

அன்புள்ள மாப்ள,

நேற்று மாலை வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். செல்லூர்ப் பக்கத்துப் பாலத்தில் ஊரே கூடி நின்றது. புது வெள்ளத்துக்கென்று ஒரு மண் வாடை உண்டே, அது மூக்கில் ஏறியது. எல்லாரும் மேற்குச் சுவரில் முண்டியடித்துக்கொண்டு வருகிற தண்ணீரைப் பார்த்தார்கள். நான் வண்டிகளுக்கு நடுவே புகுந்து கிழக்குச் சுவருக்குப் போனேன். போகிற தண்ணீரைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. நீ இருந்திருந்தால் நாம் இரண்டு பேர்.

நூல் விலை ஏறி, முதலாளி தறிகளை நிறுத்திய அந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே பழகிய நமக்கு மெதுவாகப் பேசக்கூட வரவில்லை. "சும்மா கெடந்தா கிறுக்குப் பிடிச்சிரும் மாப்ள. தண்ணி இருக்கிற ஊராப் பாத்துட்டு வருவோம்" என்று நீதான் கிளப்பினாய். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சேலம், தருமபுரி என்று மாறி ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தோம். அருவிக்குக் கீழே பரிசல்காரர் வேண்டுமென்றே பரிசலைச் சுற்றிவிட, நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நிறுத்துங்கண்ணே! எது முன்ன எது பின்னன்னே தெரியல!" என்று அலறினாய். சாரல் முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு அதன் பிறகு எனக்கு வரவில்லை.

ஊர் திரும்பிய கையோடு தொண்டிக்குப் போனோம். அன்று மீன்பிடிக்கப் போகாத ஒரு வள்ளக்காரரைப் பிடித்து, கரையோரமாகவே தேவிபட்டினம் வரை கொண்டுபோய் விடச் சொன்னோம். முதல் தடவையாகக் கடலில் படகு ஏறிய நீ என்ன செய்தாய்? அலங்காநல்லூரில் கரும்பு வண்டியின் வாலில் தொற்றி உட்கார்ந்து பழகியவன், வள்ளத்திலும் பின்பக்கமாகப் போய், ஏறிய கரையைப் பார்த்துக் காலைத் தொங்கப்போட்டாய்.

"தம்பி, இது மாட்டு வண்டி இல்ல. முன்னால பாத்து உக்காரு" என்றார் வள்ளக்காரர்.

"வாரது எப்படியும் வரும்ணே. போறதத்தான் பாத்துக்கணும்" என்றாய் நீ.

நம்புதாளையில் இறங்கி டீ குடித்தோம். மோர்ப்பண்ணையில் ஒரு அம்மா சோறும் மீன்குழம்பும் போட்டார். அவசரமே இல்லை. ஒவ்வொரு ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் அதன் கடைசி ஓலைக்கூரை மறையும்வரை பார்த்து, கையை ஆட்டி, "போயிட்டு வாரேன்" என்று அந்த ஊரிடமே சொன்னாய். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நானும் சொன்னேன்.

அடுத்த வருடமே மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோதும், "தறி மறுபடி நிக்கட்டும் மாப்ள, பாம்பனுக்குப் போவோம்" என்றாய். தறி அதன் பிறகு எத்தனையோ முறை நின்றது. நான் எங்கும் போகவில்லை.

உன் அஸ்தியை அதே தேவிபட்டினத்துக்குத்தான் கொண்டுபோனோம். உன் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைத் தோளுக்குப் பின்னால் போட்டார்.

"யாரும் திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்தா செத்தவுக பின்னாலயே வந்துருவாக. நேராக் கரையேறுங்க" என்றார் சடங்கு செய்து வைத்தவர். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள்.

ஊர் ஊராகத் திரும்பிப் பார்த்தவன் நீ. உன்னை ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்காவிட்டால் எப்படி? நின்று திரும்பினேன். கலயம் மூழ்கும்வரை பார்த்தேன். நீ சொல்ல வேண்டிய "போயிட்டு வாரேன்" என்பதையும் உனக்காக நானே சொன்னேன்.

உன் அண்ணன் பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்தார். "என்னப்பா காரியம் பண்ற? அவன் வந்துருவான்!"

வரட்டும் என்றுதான் பார்த்தேன்.

இன்றும் பஸ்ஸில் கடைசி சீட்டைத்தான் தேடுகிறேன். பின் கண்ணாடி வழியாக ஊர் மறைவதைப் பார்க்காமல் எங்கேயும் போக முடிவதில்லை. நேற்று பாலத்தில் வெளிச்சம் இருக்கும்வரை நின்றேன். இந்தத் தண்ணீர் நீ இருக்கிற கடல்வரை வராது, வழியில் கண்மாய்களே குடித்துவிடும். தெரிந்தும் கையை ஆட்டினேன். வீட்டுக்கு நடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

நீ வரவில்லை மாப்ள.