கதவைத் திறக்காமல் சூடு பார்ப்பது

மார்ச் 3, செவ்வாய்

வரிசைப்படுத்தாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. இந்த மாதம் எழுத இருப்பதை முதலிலேயே குறித்து வைக்கிறேன்.

1. பிஸ்கட் ஆலையின் பெரிய மின் பேனலை, கதவைத் திறக்காமலே வெப்பக் கேமராவால் சோதிக்க முடியும். கதவில் வெப்பக் கதிர்கள் ஊடுருவும் ஓர் அகச்சிவப்பு ஜன்னல் பதிக்க வேண்டும், அவ்வளவுதான்.
2. சாதாரணக் கண்ணாடி அதற்கு உதவாது.
3. இதை மேலாளரிடம் பேச வேண்டியவன் நான். எழுதும்போதே வாய் உலர்கிறது.
4. என் மைத்துனன் இதை விரும்ப மாட்டான். அந்தக் கதவைத் திறப்பது அவனுடைய பெருமை. அதைப் பறித்தால் என்னை மன்னிக்க மாட்டான்.

நேற்று மாதாந்தரச் சோதனை. மின்சாரம் ஓடும்போதுதான் தளர்ந்த இணைப்புகள் சூடாகித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். எனவே அடுப்புகளை நிறுத்துவதில்லை. மைத்துனன் ஆலையின் எலக்ட்ரீஷியன். தடித்த உடுப்பும் முகமூடியும் அணிந்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பேனலின் கதவைக் கழற்றுவான். ஆலோசகன் என்ற பெயரில் நான் தரையில் போட்ட மஞ்சள் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் கேமராவோடு நிற்பேன். நேற்று ஒரு போல்ட் அவன் கையுறையிலிருந்து நழுவிற்று. கதவின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. உள்ளே விழுந்திருந்தால் காற்றே நெருப்பாகி வெடித்திருக்கும். அந்த உடுப்பு எவ்வளவு தாங்கும்?

"பாத்தீங்களா அத்தான், போல்ட்டுக்கே உள்ள போகப் பயம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்காகச் சிரித்தேன்?

அடுத்த சோதனை மாதக் கடைசியில். அதற்குள் ஜன்னல் வந்தாக வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மாதிரி ஜன்னல் வந்துவிட்டது. சிறிய தட்டு அளவு, உலோக வளையம், மேலே திருகி மூடும் மூடி. அலுவலகம் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, சமையலறையிலேயே சோதித்தேன். பாத்திரத்தில் வெந்நீர், பளபளப்பு கேமராவை ஏமாற்றாதிருக்க வெளிப்புறம் கறுப்பு டேப். நேராகப் பார்த்தால் எண்பது டிகிரி. ஜன்னல் வழியாக அறுபத்தேழு. ஜன்னல் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்குகிறது. எவ்வளவு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். பிறகு ஜன்னலுக்குப் பதிலாகப் பாத்திரத்தின் கண்ணாடி மூடியை நடுவில் பிடித்தேன். பாத்திரம் காணாமல் போயிற்று. என் கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவுக்குச் சுவர் மாதிரி. படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பார்த்தபோது துள்ளிவிட்டேன். இந்த வயதில் துள்ளக் கூடாது, முழங்கால் நினைவூட்டியது.

மனைவி கேமராவை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உங்க மூக்கு மட்டும் ஏன் நீலமா இருக்கு?"

"குளிர்ந்த இடம் நீலமாத் தெரியும்."

"மேலாளர்கிட்ட பேசணும்னு நினைச்சீங்களாக்கும்."

மார்ச் 6, வெள்ளி

பேசவில்லை. மேலாளர் இருமிக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, செவ்வாய்

மைத்துனன் சாப்பிட வந்தான். மனைவி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"கதவுல ஓட்டை போட்டு எட்டிப் பாக்கறதா? அடுத்த வீட்டுச் சண்டையா அத்தான் அது?"

"பாதுகாப்பு, மாப்ள..."

"அப்ப எனக்கு என்ன வேலை? உங்களுக்கு விசிறி வீசவா?"

"டேய், அவரை விடு, சாப்பிடு" என்றாள் அவன் அக்கா.

சிரித்தான். ஆனால் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நான்காவது குறிப்பு சரிதான், அந்தக் கதவுதான் அவன் பெருமை. போதும், விட்டுவிடலாமா? — விட்டுவிட்டு, மாதக் கடைசியில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் எந்த முகத்தோடு நிற்பது?

மார்ச் 12, வியாழன்

நடந்துவிட்டது.

மேலாளரைப் பேனல் அறைக்கே அழைத்துப் போனேன். மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவர், மீட்டர்களைப் பார்ப்பதற்காகக் கதவில் ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியைத் தட்டினார்.

"இதோ இருக்கே ஜன்னல். இன்னொண்ணு எதுக்கு சார்?"

கேமராவை நீட்டினேன். கண்ணாடிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"உள்ள என்னமோ கொதிக்குது. பெருசா, உருண்டையா. யாரையாவது கூப்பிடுங்க."

அது என்னவென்று எனக்குத் தெரியும். மேலாளரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"தலையைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க சார்."

ஆட்டினார். கொதித்ததும் ஆடியது.

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். "என் தலை சூடுன்னு வீட்டுல சொல்வாங்க. நான்தான் நம்பல" என்றார். அப்புறம், "அப்ப இந்தக் கண்ணாடி வழியா உள்ள இருக்கறது எதுவுமே தெரியாதா?"

"தெரியாது சார். நம்மளைத்தான் நமக்கே காட்டும்."

"வாங்குங்க."

வாங்குங்க! வீட்டுக்கு வரும் வழியில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

மார்ச் 22, ஞாயிறு

அடுப்புகளைச் சுத்தம் செய்யும் நாள். மின்சாரம் முழுவதும் நிறுத்தம். மைத்துனன்தான் கதவில் துளை வெட்டினான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேனலுக்குள் இருக்கும் மூன்று பெரிய இணைப்புகளும் ஒரே பார்வையில் விழ வேண்டும் என்று நான் குறித்த இடத்தைத் தானே அளந்தான், மறுபடி அளந்தான். பளபளக்கும் செம்பு தன் சூட்டை மறைக்கும் என்பதால் இணைப்புகளில் மங்கலான கறுப்பு வண்ணம் பூசினேன். அவன் விளக்கைப் பிடித்தான்.

மார்ச் 31, செவ்வாய்

எல்லா அடுப்புகளும் ஓடிக்கொண்டிருந்தன. கதவு மூடியபடி. ஜன்னலின் மூடியை மட்டும் திருகித் திறந்தேன்.

மூன்றில் நடு இணைப்பு வெள்ளையாக எரிந்தது. ஜன்னல் விழுங்குவதைத் திருத்திக் கணக்கிட்டால் நூற்றுப் பதினெட்டு டிகிரி. பக்கத்தில் இருப்பவை அறுபதுகூட இல்லை. "மாப்ள, வா, வந்து பாரு" என்று கத்தினேன்; நான் கத்தி எத்தனை வருடம் ஆயிற்று. அவன் பார்த்தான், மேலாளர் பார்த்தார், படத்தைக் கண்டதும் அடுப்புகளை நிறுத்துவது பற்றி அவர் வாதாடவே இல்லை. மாலையில் அடுப்புகள் நின்றன. மின்சாரம் இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே மைத்துனன் கதவைத் திறந்தான். இணைப்பின் உறையெல்லாம் கருகியிருந்தது. வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

மைத்துனன் வந்தான். அக்கா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுப்பேன் அத்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"அப்புறம் ஏன் ஜன்னல் வேண்டாங்கற மாதிரி இருந்த?"

"எப்படியும் வராதுன்னு நினைச்சேன். வரும்னு ஆசைப்பட்டுட்டு வரலைன்னா, அப்புறம் கதவுகிட்டவே என்னால போக முடியாது."

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க பின்னால அவ்வளவு நிதானமா நிப்பீங்க. உங்க முன்னாடி பயப்பட வெக்கமா இருந்துச்சு."

நான் நிதானமாக நின்றேனாம்.

நான்காவது குறிப்பு தவறு.