நல்லம்மா மாமியின் வாயாலேயே

நாரந்தனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கோபிகாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் பிரஷர் இறங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் நோவைத் தவிர ஒரு குறையும் இல்லை, நோர்வேக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். ஏன் போனில் கதைக்காமல் கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுவார், இது அவர் கேட்கக்கூடாத கதை. அன்னபூரணம் அக்கா நாளைக்கு ஒஸ்லோவுக்கு மகளிடம் போகிறா, மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

உன் கலியாணம் குழம்பி நீ அங்கே போன நாளில் இருந்து நானும் அப்பாவும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். உனக்கு வலிப்பு என்று இறுப்பிட்டி மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது நல்லம்மா மாமிதான் என்று நான் தலையில் அடித்துச் சொல்லியும், தன் தங்கச்சியை ஒரு வார்த்தை தட்டிக் கேட்காத மனுசனோடு எனக்கு என்ன பேச்சு. சாப்பாடு வைத்தால் குசினி வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்து "சோறு வைச்சிருக்கு" என்பேன், அவரும் "உப்புக் காணாது" என்று ஆட்டுக்குத்தான் சொல்வார். போன மாதம் அவர் தலை சுற்றி விழுந்தபோது டொக்டர் வீட்டு நிலைமையை விசாரித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் சிவரூபி என்ற உளவளத்துணைப் பிள்ளையிடம் அனுப்பினார். உன் வயதுதான் இருக்கும், நல்ல பொறுமை. குடும்பங்களைச் சேர்த்துவைக்கப் பல வழி இருக்கிறது, உங்களுக்கு எது பொருந்துமோ அதைத் தெரிவுசெய்வோம் என்று சொன்னது. ஒவ்வொரு நாளும் ஒருவருக்கொருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பாருங்கள் என்றது முதல் வழி. "இந்த வயசிலை நான் அந்தாளுக்கு நல்ல வார்த்தை சொன்னால் பயத்திலை திரும்பவும் விழுந்திடும் பிள்ளை" என்றேன். தனித்தனியாக வந்து மனதில் உள்ளதைக் கொட்டலாம் என்றது. சுவருக்குச் சொல்லி எனக்கு என்ன கிடைக்கும். பிறகுதான் மூன்றாவது வழியைச் சொன்னது. சம்பந்தப்பட்ட எல்லோரும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒருவர் சொல்வதை மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், பதில் சொல்ல முன்னம் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "கட்டாயம் சொல்லவேணுமோ" என்று கேட்டேன். "ஓம் அம்மா, சரியாச் சொல்லும் மட்டும் விடமாட்டன்" என்றது. எனக்கு நெஞ்சுக்குள் விளக்கு ஏற்றியது போல இருந்தது. "அப்ப நல்லம்மாவையும் கூப்பிடுங்கோ" என்றேன். நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளைக்குச் சரியான சந்தோசம்.

மாமி புதுச் சீலை உடுத்திக்கொண்டு வந்தா. நாலு கதிரை வட்டமாகப் போட்டிருந்தது. கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி நடுவில் இருந்தது, அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "நல்லம்மா, உம்மடை மகள் கோசலாவை வேண்டாமெண்ட மாப்பிள்ளை என்ரை பிள்ளையைக் கேட்டுவந்தது பொறுக்காமல், அவளுக்கு வலிப்பு எண்டு பொய் சொன்னனீர்" என்று ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னதும் மாமி "மச்சாளுக்கு என்னிலை கோவமாம்" என்றா. "அவ அப்பிடிச் சொல்லேல்லை அம்மா, இன்னொருக்கால்" என்றது சிவரூபி. "நான் ஏதோ சொல்லிப்போட்டனாம்" என்றா. "ஏதோ இல்லை அம்மா." கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு "பிள்ளைக்கு வலிப்பு எண்டு நான் பொய் சொன்னனான் எண்டு மச்சாள் சொல்லுறா" என்று வந்தது. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அப்பா அப்படியே அவவைத் திரும்பிப் பார்த்து, "பொய்யோ? அவையள்தான் விசாரிச்சவை, சாட்டிக் கடற்கரையிலை பிள்ளை வெய்யிலுக்கு மயங்கினதை மட்டும் சொன்னனான் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீ" என்று கேட்டார். மாமி அழத் தொடங்கினா. கடதாசிப் பெட்டிக்குக் கை நீட்டினா. நான் கொடுக்கவில்லை.

அத்தோடு விட்டேனா. அடுத்தது அப்பாவின் முறை. "தங்கச்சியின்ரை கண்ணீரைக் கண்டியள், என்ரை பிள்ளை பிளேன் ஏறேக்கை அழுததைக் காணேல்லை" என்றேன். அதைத் திருப்பிப் பாதி சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. சிவரூபி போதும் என்று கையைக் காட்டியது, "முழுக்கச் சொல்லட்டும் பிள்ளை, நீங்கள்தானே முறை எண்டு சொன்னனீங்கள்" என்றேன். முழுக்கச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனாலும் அன்று பின்னேரம் நேரே என் முகத்தைப் பார்த்து "சோறு போடும்" என்று கேட்டபோது சோறு போட்டேனே தவிர, பொரித்த மீனை அவர் கண்ணிலும் காட்டவில்லை.

மன்னிக்க என்ன தேவை என்று சிவரூபி என்னைக் கேட்டது. மன்னிக்கிறதும் மன்னிக்காமல் விடுகிறதும் என் பிள்ளையின் விருப்பம், எனக்கு அந்தப் பொய்யை அவ தன் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டும், பிறகு இறுப்பிட்டிக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். மாமி தலையாட்டினா. வருகிற புதன்கிழமை நாங்கள் எல்லோரும் இருக்க, அந்த அறையில் இருந்தே உனக்குப் போன் எடுப்பா.

தலையை மூடிக்கொண்டு வெளியில் போ, வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. கடவுள் உனக்குக் குறைவில்லாத வாழ்வைத் தரட்டும், உன்னைக் கை கழுவினவர்கள் பார்த்து ஏங்குகிற வாழ்வாக அது இருக்கட்டும். புதன்கிழமையை மறந்துவிடாதே. முதல் தரம் அடிக்கும்போது போனை எடுக்காதே, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவ இன்னொரு தரம் எடுக்கட்டும். உன் மனம் எனக்குத் தெரியும், அவ அழுதால் நீ இளகிவிடுவாய். மன்னிக்க மனம் வந்தால் மன்னி, நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே அதை அவவிடம் சொல்லிவிடாதே மகள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
க. இலட்சுமிப்பிள்ளை