பச்சை ரப்பரில் சுற்றிய துப்பாக்கி

ஜப்பான்காரன் ஆட்சியில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், புருஷன் பரஞ்சோதி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, இராசாத்தி பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுத உட்கார்ந்தாள். ஜப்பான்காரன் கையில் சிக்கினால் தலை போகும் என்பதால் ‘துப்பாக்கி’ என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை.

“வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டு ஓடுறப்ப உங்ககிட்ட கொடுத்துட்டுப் போன சாமானைத் தோண்டி எடுத்தேன். தண்ணி இறங்காதுன்னு, புகையில காயாத பச்சை ரப்பர் ஷீட்டுல சுத்திப் புதைச்ச கங்காணி உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான். ரப்பர் பால் உறைய ஊத்துற ஆசிட் ஷீட்டுல ஊறியிருக்கும், அது இரும்பைத் தின்னும்னு இருபது வருஷமா ரப்பரோட கிடக்கிறவருக்குத் தெரியாதா? விளக்கேத்த எண்ணெய்க்கே வழியில்லாத வீட்டுல, இருந்த எண்ணெயை ஊத்தி, மூங்கில் குச்சியில துணி சுத்தி ரெண்டு நாள் தேய்ச்சேன். துரு போச்சு, கூடவே குழாயும் ஓட்டையாப் போச்சு. மரவள்ளியைத் தோண்டுற பன்னியை இதால சுட்டிருந்தா, அது நின்னு வேடிக்கை பார்த்திருக்கும். வெடிச்சு உங்க மூஞ்சிதான் போயிருக்கும். கக்கூஸ் குழியில போட்டுட்டேன். தேடாதீங்க.

மரவள்ளி அவிச்சு மூடி வச்சிருக்கு. உப்பு இல்லை. படிச்சதும் இதை அடுப்புல போடுங்க.”

எழுந்தவள், அடுத்த வீட்டுக் காளியம்மா வேலியோரம் வந்து சொன்னதைக் கேட்டு மறுபடி உட்கார்ந்தாள். அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“மத்தியானம், போனவன் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வருதாம். தோட்டத்து மேல் டிவிஷன்ல இருக்கிற என் தம்பிகிட்டச் சொல்ல ஓடுறேன். வீரம் பேசிக்கிட்டு வாசல்ல நிக்காதீங்க. போன மாசம் பன்னியைப் பார்த்து ரப்பர் மரத்துல ஏறினீங்களே, அப்படியே ஏறிக்குங்க. உங்களுக்கு உருப்படியா வர்றது அது ஒண்ணுதான். நான் வந்து கூப்பிடுற வரைக்கும் இறங்காதீங்க.”