துருக்கிக் கடையில் சோறு கேட்ட கதை

நெரவி,
ஐப்பசி, ஞாயிறு மாலை

அன்புள்ள தாமரைச்செல்விக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்பது அம்மா உன்னோடு போனில் பேசிச் சிரிக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. நாங்களும் இங்கே சுகம், மழை பிடித்துக்கொண்டதால் என் முழங்கால் மட்டும் அவ்வளவு சுகமில்லை. நடவு முடிந்துவிட்டது. அப்பாதான் இனிமேல் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாரே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் என்னவென்றால், காரைக்காலில் கடற்கரைப் பக்கம் புதிதாகத் துருக்கி கபாப் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். முதலாளி அஜ்மீர் நம் ஊர்க்காரர்தான், இஸ்தான்புல்லில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நீ எம்ரேயைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று சொன்ன அன்று, துருக்கிக்காரனுக்கு ரொட்டியும் கறியும்தானே சாப்பாடு, சோறு தின்னாத வீட்டுக்கு என் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று நான் கத்தினேன் அல்லவா, உன் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். வாங்க, நீங்க சொன்னது சரியான்னு சாப்பிட்டே பாத்துடுவோம் என்றாள். புரட்டாசியில் எப்படிக் கறி தின்பது என்று தள்ளிப்போட்டேன். புரட்டாசி என்ன, நமக்காக நிற்கவா போகிறது? இன்று மத்தியானம் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் ஏதோ சம்பந்தி வீட்டுக்கே கிளம்பியதுபோல இருந்தது.

முதலில் ஒரு தட்டு வந்தது. கம்பியில் சுட்ட ஆட்டுக்கறி, சுட்ட தக்காளி, வெங்காயம், மெல்லிசாக ஒரு ரொட்டி. சரி, இதெல்லாம் தொட்டுக்கொள்ள, சாப்பாடு பின்னால் வரும் என்று ருசி பார்க்க ஆரம்பித்துக் காலி செய்துவிட்டேன். பிறகு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுபோல அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசி ஆறவில்லை என்று நினைத்து அஜ்மீர் இன்னொரு தட்டு கொண்டுவந்தார். வைத்ததை வீணாக்கலாமா, அதையும் தின்றேன். மூன்றாவது தட்டு வந்தபோது உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். அஜ்மீரே வந்து, என்னண்ணே, எதுவும் குறையா என்று கேட்டார். சோறு எப்ப தம்பி போடுவீங்க என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே போய் ஒரு தட்டு நிறையச் சோறு கொண்டுவந்து வைத்தார். வெண்ணெயில் வறுத்த சேமியாவை அரிசியோடு சேர்த்து வடித்திருக்கிறார்கள், பாவம், சேமியா பாயசத்துக்குத்தான் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும். ஆனால் சோறு சோறுதான், உதிரி உதிரியாக நன்றாகவே வெந்திருந்தது. அங்கேயும் இது உண்டா என்று கேட்டேன். இது இல்லாத வீடே கிடையாதுண்ணே என்றார். சரி, மோருக்கு எங்கே போவார்கள் என்று மனசுக்குள் நினைத்து முடிப்பதற்குள் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் வந்துவிட்டது. அங்கே அதற்கு அய்ரான் என்று பெயராம். ஊறுகாய் இல்லையே என்று கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். மிளகாய் ஊறுகாய் வந்தது. இப்ப என்ன சொல்லப்போறீங்க என்று உன் அம்மா கேட்டாள். நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மதம் வேறு என்று உன் சித்தப்பா இன்னும் முணுமுணுக்கிறான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் மறைப்பானேன், உன் குரலைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நீயும் அம்மாவும் பேசும்போதெல்லாம் நான் பக்கத்து அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. தை பிறந்ததும் புது நெல் வந்துவிடும், அப்போது அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் எம்ரேயிடம் சொல்லிவை. அவர்கள் ஊரில் பெரியவர்களைக் கண்டால் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்களாம், கிளம்பும்போது அஜ்மீர் சொன்னார். தெருவே பார்க்க அதெல்லாம் எனக்குக் கூச்சம். மாப்பிள்ளை நம் வழக்கப்படி காலில் விழுந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுவாமிநாதன்