இலை மடித்த கை

கண்ணு,

நேற்று உன் கல்லூரிப் புகைப்படக் கண்காட்சியிலிருந்து கட்கியில் நம் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணச் சாப்பாடாம்! உப்பு வைக்கிற இடத்துல சாம்பல், அப்பளத்துக்குப் பதிலா சிகரெட் பெட்டி. உன் பொண்ணோட நக்கலைப் பாரேன்!" நானும் சிரித்தேன்.

மனசு சரியில்லாதபோது உன் வயதுப் பிள்ளைகள் தங்களையே கெடுத்துக்கொள்வதைக் கேலி செய்ததாகப் படங்களுக்குக் கீழே எழுதியிருந்தாய். கடைசிப் படத்தில் ஒரு கை வாழை இலையை மூடுகிறது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கை உன்னுடையது. தீபாவளிக்கு வந்தபோது அது இப்படி இல்லை.

இலையை உன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்திருந்தாய். துக்க வீட்டில்தான் அப்படி மடிப்போம். அப்பாவிடம் சொன்னேன்.

"பூனால வளர்ந்த பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

தாத்தாவின் காரியத்தன்று இந்த வித்தியாசத்தை உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

போனில் கேட்டால் ஏதாவது ஜோக் அடித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் ஹாஸ்டல் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியேதான் நிற்கிறேன். ரசம் சாதம் கொண்டுவந்திருக்கிறேன். படத்தைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன். கதவைத் திற.

அம்மா