மூன்றாம் பொங்கல் சீர்

அண்ணி,

நேற்று மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பை கூடாது என்று வந்த பிறகு மேற்குத் தாம்பரத்தில் நியூஸ் பேப்பர் கவர் மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதை மூக்கருகே கொண்டு போனேன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்த அதே வாடை. மருமகள் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, மாத்திரையை மோந்து பாக்குறீங்க, எக்ஸ்பயரி ஆயிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பொய் எனக்குப் புதிதில்லை.

ராத்திரி முழுக்க உன் ஞாபகம். காலையில் பேரனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். இதைப் படிக்க நீ இல்லை. இருந்திருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது, அண்ணன்தான் படித்துக் காட்ட வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணியை "நீங்க" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பெரியம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். வந்த மூன்றாம் நாளே என்னை மடியில் சாய்த்துப் பேன் பார்த்தாய். பேன் பார்த்தவளை எப்படி "நீங்க" என்பது? கடைசி வரைக்கும் "நீ"தான். உனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் எனக்கு இவ்வளவு கிடைத்திருக்குமா என்று சின்ன வயதில் கணக்குப் போட்டதுண்டு. அவ்வளவு நல்ல புத்தி எனக்கு.

அறுபத்தாறில் எனக்குக் கல்யாணம். அண்ணனுக்கு ரயில்வே ஷெட்டில் கலாசி என்ற எடுபிடி வேலை, கையில் வருவது நூற்றிருபது ரூபாய். மாப்பிள்ளைக்குப் பம்மல் தோல் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. வெள்ளைச் சட்டை போடுகிற மாப்பிள்ளை வேண்டும் என்று நீதான் ஒற்றைக்காலில் நின்றாய். அதற்காகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து எண்ணூறு ரூபாய் வாங்கினீர்கள். போதவில்லை. உன் அம்மா வீட்டில் போட்ட ரெட்டை வடச் சங்கிலி, நாலு பவுன், தாம்பரம் சேட்டுக் கடையில் இருநூறுக்கு அடகு போயிற்று. நீ ஒரு கவரிங் சங்கிலியை மாட்டிக்கொண்டு கல்யாணத்தில் பந்தி விசாரித்தாய். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ குடித்தனம் நடத்திய அழகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். சம்பளத்தன்று அண்ணன் கொண்டுவரும் நோட்டுகளை முறத்தில் போட்டுக்கொண்டு உட்காருவாய். புரோநோட்டுக்காரருக்கு வட்டியும் அசலில் பத்து ரூபாயும் முதலில் எடுத்து முந்தானையில் முடிவாய். "இது நம்ம துட்டு இல்ல. மிச்சத்தைப் பாத்துதான் அரிசியைப் பத்திப் பேசணும்" என்பாய். ரேஷன் சர்க்கரை ஸ்டேஷன் எதிரில் இருந்த டீக்கடைக்குப் போகும், உங்கள் காப்பிக்கு வெல்லம். விறகு வாங்காமல் மரவாடியிலிருந்து மரத்தூள் வாங்கி, அடுப்பில் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கித் திணிப்பாய். தேங்காயைக் குழம்புக்குக் காட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுவாய் என்று அண்ணன் கிண்டல் செய்வான். "காட்டுனதே அதிகம்" என்று நீயும் விடமாட்டாய்.

சேட்டுக் கடைக்கான பணம் மட்டும் அண்ணன் சம்பளத்தில் இல்லை. அது கவர் ஒட்டிய காசு. உங்கள் ஸ்டோர் வீட்டில் நாலு குடித்தனம், ஒரு குழாய். பக்கத்துப் போர்ஷன் கனகா அக்காவின் வீட்டுக்காரர் ஒரு ஆபீசில் பியூன், பழைய பேப்பர் மலிவாகக் கொண்டுவருவார். கனகா அக்கா வெட்டி மடிப்பாள், நீ பசை தடவி ஒட்டுவாய். மளிகைக் கடைக்காரர் ஆயிரம் கணக்கில் எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் வாயும் கையும் ஓயாமல் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருத்தி இருமினால் இன்னொருத்தி தண்ணீர் எடுத்து நீட்டுகிற சிநேகிதம். பொறாமையாக இருக்கும் எனக்கு.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மார்கழியில் நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். என்னை உள்ளே கூப்பிட்டு, அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாய். இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய். எல்லாம் ஒன்றும் இரண்டுமாகக் கசங்கிய நோட்டு.

"சேட்டு தை மாசத்தோட கெடு வெச்சிக்கீறான். இல்லன்னா ஏலம். இத்தைக் கட்டி சங்கிலியை மீட்டுடுவேன்."

"அப்புறம் கழுத்துல போட்டுக்கோ அண்ணி, எத்தனை நாளாச்சு."

"போடி பைத்தியம். மீட்ட கையோட வித்துடுவேன். தங்கம் இப்போ ஏறிப் போய் கீது. ஐநூத்தி நாப்பது தேறும்னு ஆசாரி சொல்றாரு. புரோநோட்டுல பாக்கி ஐநூத்தி இருபது. அத்தோட கிழிச்சிப் போட்டுடலாம். தை பொறந்தா கடன் இல்லாத வூடு, பாப்பா."

நீ சொல்லிக்கொண்டே போனாய், நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அப்போது இருபத்தெட்டு வயதுதான். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. "கனகாவுக்கும் உனக்கும்தான் தெரியும். உங்க அண்ணனுக்குக்கூட நாளைக்குதான் சொல்லணும்" என்று டப்பாவை மூடினாய்.

பம்மலுக்குப் போன மறுநாள் என் மாமியார் பொங்கல் சீரைப் பற்றிப் பேச்செடுத்தாள். போன வருஷம் அண்ணன் கொண்டுவந்த கரும்பு விரல் கனம்கூட இல்லையாம், வாழைப்பழம் கறுத்துப்போயிருந்ததாம். எனக்குச் சுருக்கென்று வந்தது. சீர் என்று போனால் அந்த டப்பாவில் முப்பதோ நாற்பதோ குறையும். குறைந்தால் சங்கிலி வராது. நான் பெரிய புத்திசாலியில்லையா, நேரே சொல்லிவிட்டேன். "அத்தை, இந்த வருஷம் சீர் வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. எங்க அண்ணி சங்கிலி அடகுல இருக்கு. தையில மீட்டாத்தான் அவங்க கடன் தீரும். நீங்க சொன்னா அவங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

அவள் உச்சுக்கொட்டினாள். இளகிவிட்டாள் என்று நம்பினேன். பெண் கொடுத்த வீட்டுச் சீரைப் பெண் எடுத்த வீடு வேண்டாம் என்பது முகத்தில் அறைவதற்குச் சமம் என்று இருபது வயதிலும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உறைக்கும்படி யாரும் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லலாம். தெரிந்திருக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறித் தாம்பரம் வந்தாள். உள்ளே வரவில்லை. குழாயடியில் நாலு குடித்தனமும் நிற்கும்போது அங்கேயே நின்று பேசினாளாம். அண்ணன் எனக்குப் பிறகு சொன்னான்.

"இன்னாம்மா, சேதி கேள்விப்பட்டோம். கடன்ல கீறீங்களாமே, சங்கிலி கூட சேட்டு கடையில கீதாம். கழுத்துல கீறது கவரிங்காம். பாவம். இந்த வருஷம் சீரு கீரு எதுவும் வாணாம். எங்க வூட்ல பானை கீது, அரிசி கீது. பொண்ணைக் குடுத்ததே போதும்."

"யாரு சொன்னது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாயாம்.

"நாலு பேரு பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னைக் காப்பாற்ற அல்ல. அந்தத் துருப்புச் சீட்டைக் கையில் வைத்திருந்தால் பின்னால் உதவும் என்று அவளுக்குத் தெரியும்.

போகிப் பண்டிகையன்று எங்கள் வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. முதலில் அண்ணன் இறங்கினான், பிறகு நீ. வெண்கலப் பானை இறங்கிற்று. ஒரு மூட்டை பச்சரிசி, மண்டை வெல்லம், இரண்டு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், முழு வாழைத்தார். எனக்கும் மாமியாருக்கும் பட்டு, மாமனாருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஜரிகை வேட்டி. கடைசியாக ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். தெருவே வந்து பார்த்தது. மாமியார் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். பானை இறங்கும்போது டப்பாவில் எவ்வளவு குறைந்தது, பட்டு இறங்கும்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சிமிழ் இறங்கியபோது டப்பா காலி.

உன் கழுத்தில் கவரிங் சங்கிலிகூட இல்லை. மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ என் கையை அழுத்திப் பிடித்தாய். "அழுவாத. சிரிச்சிகினே நில்லு. நாளைக்கு இங்க நீதான் தலை நிமிந்து நடக்கணும்" என்றாய்.

சமையலறையில் உனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்தாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாய்.

"யாரு பாப்பா சொன்னது உங்க மாமியாருக்கு?"

"தெரியாது அண்ணி."

"அப்போ கனகாதான். வேற யாருக்குத் தெரியும்?" என்றாய்.

நான் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அது ஆறிப்போன பிறகும் ஆற்றினேன்.

தை முடிந்ததும் சங்கிலி ஏலத்தில் போயிற்று. அதோடு போயிருந்தால்கூட எழுந்து நின்றிருப்பாய். கனகா அக்காவோடு பேச்சை நிறுத்தினாய், பழைய பேப்பர் வருவதும் நின்றது. கடையில் எடை போட்டு விலைக்கு வாங்கி, நீயே வெட்டி, நீயே மடித்து, நீயே ஒட்டினாய். பாதிகூடத் தேறவில்லை. சீர் இன்னொரு பக்கம். ஒருதரம் வெண்கலப் பானையும் பட்டும் வந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் வெறும் கரும்பைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. "ஏத்துனதை எப்படிடி எறக்குறது?" என்றாய். வருஷா வருஷம் ஜட்கா வந்தது. வருஷா வருஷம் அந்தப் புரோநோட்டின் மேலேயே இன்னும் கொஞ்சம் வாங்கினீர்கள். ஒரு தையில் முடிய வேண்டிய கடன் ஏழு வருஷம் இழுத்தது.

சொல்ல வேண்டும் என்று நான் கிளம்பி வராமல் இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன். நீ சாதம் போட்டு உட்கார வைத்ததும் விழுங்கிவிடுவேன். நீ நொய்க்கஞ்சி குடித்துவிட்டு எனக்குச் சோறு போடுகிறாய் என்பது தெரிந்தும் சாப்பிட்டேன். பம்மலில் எதற்காவது வாய் திறந்தால் மாமியார், "உங்க அண்ணியாண்ட சொல்லிடட்டா?" என்பாள். உடனே அடங்கிவிடுவேன். நான் நல்ல மருமகள் என்று அந்தத் தெருவில் பேர் எடுத்தது இப்படித்தான்.

எழுபத்தாறில் கடனை அடைத்துப் புரோநோட்டைக் கிழித்தீர்கள். சொல்லி அனுப்பியிருந்தாய், ஓடி வந்தேன். கிழித்த துண்டுகளை அடுப்பில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினாய். "முடிஞ்சிச்சு பாப்பா" என்றாய். முப்பத்தைந்து வயதில் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே வெளுத்துக் கிடந்தது. ரத்தம் இல்லை என்று டாக்டர் முந்தின வருஷமே எழுதிக் கொடுத்த டானிக் சீட்டு காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. எட்டு மாசம்கூட நீ கடன் இல்லாத வீட்டில் இருக்கவில்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தேன். வாசலில் கனகா அக்கா நின்றாள். எட்டு வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும் நீ ஒரு வார்த்தை பேசாமல் விட்டவள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி படியிலேயே நின்றுகொண்டாள்.

"உங்க அண்ணிக்கு நான் இன்னா பண்ணேன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லம்மா. எத்தினி தபா கேட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கினு போயிடுவா. உனுக்காச்சும் தெரியுமா? சொல்லேன், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

கையில் துடைப்பம் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இனி யார் கோபத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அவளும் போய்ப் பல வருஷம் ஆகிறது. உனக்கு இன்றைக்குச் சொல்லிவிட்டேன், அண்ணி. அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது.