முள் இரண்டில் நின்றால் நியூட்ரல்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை அதில் பாதியைத்தான் மனசாரச் சொல்ல முடிகிறது, நலமறிய ஆவல். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி, உட்கார்ந்துகொள், அப்புறம் மேலே படி. நீ மூன்று கடிதம் போட்டும் நான் பதில் போடவில்லை, போனில் கூப்பிட்டபோதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்தான். ஒரு மாதம் தாமதமாக எழுதுகிறேன், அதற்குக் காரணம் கடைசியில் உனக்கே புரியும், திட்டுவதானால் அப்போது திட்டு.

நீ விடுமுறை முடிந்து போன நாளிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளை யாரும் தொடவில்லை, நான்கு மாதம் ஷெட்டில் படுதா போர்த்தியே கிடந்தது. படுதாவை எடுத்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. நம் மெக்கானிக் அண்ணன் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் செய்த அறுபது வயசுக் கிழவி மறுபடி மூச்சு விடுவதைப் பார்க்கவேண்டும் என்று உன் மாமாவும் வந்துவிட்டான். அந்த கியர் முள் கதை உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே நிதானம் வருகிறது. கியர் பெட்டியின் மேல் ஒன்று, நியூட்ரல், இரண்டு, மூன்று, நான்கு என்று குறித்திருக்கிறதே, அப்பா அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்தே அதன் முள் ஒரு படி தள்ளித்தான் காட்டும். ஒன்றில் இருந்தால் நியூட்ரல் என்னும், நியூட்ரலில் இருந்தால் இரண்டு என்னும், நான்காவது போட்டால் எழுத்தே இல்லாத இடத்தில் போய் நிற்கும். சரி பண்ணிவிடலாமே என்று யார் சொன்னாலும் அப்பா சிரிப்பார், திருடன் வந்தால் முள்ளை நம்பிக் கெடட்டும், கூட வாழ்ந்தவனுக்குத்தான் அதன் பேச்சு புரியும், பெண்டாட்டி மாதிரி என்பார். முள் இரண்டில் நின்றால் நியூட்ரல். ஐந்து வயசில் நீ வாய்ப்பாட்டோடு சேர்த்து இதையும் ஒப்பிப்பாய்.

அன்றைக்கும் அப்பா வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, முள்ளை இரண்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உதைத்தார். ஐந்தாவது உதைக்குக் கிளம்பியது. பின் சக்கரம் சுற்றியது, ஆனால் நியூட்ரலிலேயே கொஞ்சம் சுற்றுகிற சக்கரம்தானே அது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மாமா முன்னால் குனிந்து ஹெட்லைட்டைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, மச்சான் உங்கள் கிழவி முகம் கழுவிவிட்டாள் என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். அப்பா சிரித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகி வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார். டயர் தரையைத் தொட்டதுதான் தாமதம், வண்டி பாய்ந்தது. மாமாவைத் தூக்கிக்கொண்டுபோய் ஷெட்டின் செங்கல் சுவரில் வைத்து அறைந்தது. தொடை எலும்பு உடைந்த சத்தம் என்ஜின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது கண்ணா, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல. அதோடு நிற்கவில்லை, ஹேண்டில்பார் சுவரில் மாட்டிக்கொண்டு ஆக்சிலேட்டர் திருகியபடியே நின்றுவிட்டது, அப்பா கீழே விழுந்து கிடக்கிறார், சக்கரம் சிமெண்டுத் தரையைத் தேய்த்துப் புகை கிளப்பிக்கொண்டு அவனை இன்னும் இன்னும் சுவருக்குள் தள்ளுகிறது. நான் ஓடிப்போய் பிளக் வயரை வெறும் கையால் பிடுங்கினேன். தோள்வரை ஷாக் அடித்தது. என்ஜின் செத்தது. அதற்குப் பிறகுதான் உன் மாமா அலறினான், அதுவரை அவனுக்கு மூச்சே இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள் அவனைக் கொண்டுபோனதும் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். முள்ளில் கை வைத்தது மெக்கானிக்தான், வேறு யார் என்று சொல்லிவிட்டுப் போனார் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். நான் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. ஸ்கூட்டருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, டயர் கழற்றும் கம்பியால் முகத்திலேயே அடித்திருக்கிறார். தாடை இரண்டு இடத்தில் உடைந்து நான்கு பல் போய்விட்டது. மெக்கானிக் அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை, கையில் கிடைத்த செயினைச் சுழற்றி அப்பாவின் காதைக் கிழித்துவிட்டார், ஏழு தையல். வாய் நிறைய ரத்தத்தோடு அவர் நான் தொடவில்லை, நான் தொடவில்லை என்று குழறுகிறார், அப்பா ஒவ்வொரு தடவையும் பொய், பொய் என்று ஓர் அடி போடுகிறார். பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஆகவில்லை. கடைசியில் பழைய ஆயில் வாளியைத் தூக்கி இரண்டு பேர் தலையிலும் கொட்டினேன். வழுக்கி விழுந்துதான் பிரிந்தார்கள். பட்டம் வாங்கின எனக்கு அன்றைக்குத் தோன்றிய ஒரே யோசனை அதுதான்.

மறுநாளே இரண்டு பக்கமும் புகார். என் மைத்துனன் கால் உடைந்தது அவனால் என்று அப்பா எழுதிக் கொடுத்தார், தாடை உடைந்தது இவரால் என்று அவர் மனைவி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். கணவருக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, பேச முடியாது, அதனால் காகிதத்தில் நான் முள்ளைத் தொடவில்லை என்று எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்று ஒரு கட்டுக் காகிதத்தை என் மடியில் போட்டாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கா, பொய் சொல்கிறவன் இப்படி எழுதுவானா என்று கேட்டாள். அன்றைக்கு மத்தியானம் அப்பா ஸ்டேஷனுக்குப் போன நேரம் பார்த்து நான் ஷெட்டைத் திறந்தேன். என்னதான் இருந்தாலும் பிசிக்ஸ் படித்தவள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினவள். வண்டியை ஸ்டாண்டில் போட்டேன், அதற்கே இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு கையால் கியர் லீவரை முழுக்க மேலே தூக்கி, மறு கையால் பின் சக்கரத்தை உருட்டினால் சக்கரம் இறுகுகிறது, ஒன்றாவது கியர். பாதி கீழே தட்டினால் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, நியூட்ரல். முள்ளைப் பார்த்தேன். முள்ளும் நியூட்ரல் என்றது. இன்னும் ஒரு தட்டு, சக்கரம் இறுகியது, முள் இரண்டு என்றது. சாக்பீஸால் தரையில் குறித்துக்கொண்டு பதினொரு தடவை செய்து பார்த்தேன், பதினொரு தடவையும் முள் உண்மையைத்தான் சொன்னது. அப்பா நியூட்ரல் என்று நினைத்தது நிஜமாகவே இரண்டாவது கியர். முள் கெட்டுப்போகவில்லை, யாரோ அதைக் கழற்றி, அது உட்காரும் தண்டில் ஒரு பல் தள்ளிப் பொருத்திச் சரிசெய்திருக்கிறார்கள்.

யார் என்று தெரிந்துகொள்ளத் துணியால் எண்ணெயைத் துடைத்தேன். முள்ளைப் பிடித்திருக்கும் நட்டின் மேல் ஒரு பொட்டு, நாவல்பழ நிறத்தில். மெக்கானிக் அண்ணன் இறுக்கின நட்டுக்கு அடையாளமாக மஞ்சள் பெயிண்ட்தான் வைப்பார், கார்புரேட்டரில் வைத்திருக்கிறார், பார்த்தேன். இது என் நகப்பூச்சு. அலமாரியிலிருந்து எங்கே போயிற்று என்று போன விடுமுறையில் உன்னைக் கேட்டேனே, அதே பாட்டில். மூன்று கடிதத்திலும் நீ ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாய், அப்பா வண்டியை எடுத்தாரா, முள்ளைப் பார்த்து என்ன சொன்னார் என்று. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நான் செய்ததையும் கேட்டுக்கொள், சமையலறையிலிருந்து பிளேடு கொண்டுவந்து அந்தப் பொட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். பத்தாம் வகுப்பில் உன் முதுகில் இறங்கிய அப்பாவின் பெல்ட் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. அந்தக் கை இப்போது தாடையை உடைத்துப் பழகிவிட்டது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், மெக்கானிக் அண்ணன் கம்பிக்குள் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு படுத்திருக்க, அப்பா அவன் தாடை கூடட்டும், மறுபடி உடைக்கிறேன் என்று தினமும் சொல்லக் கேட்டுக்கொண்டு.

பத்தாம் நாள் அந்தப் பெண்ணின் தம்பி வந்தான், லாரி ஓட்டுகிறவன், கூட இரண்டு பேர். முன்பக்க ஜன்னல் ஒன்று விடாமல் கல்லால் அடித்தார்கள், கண்ணாடி என் தலைமுடிக்குள் எல்லாம் விழுந்தது. வெளியே வாடா, வாயில்லாதவனை அடித்த வீரனே என்று கூப்பிட்டான். அப்பா ஷெட்டிலிருந்த இரும்புத் தடியைத் தூக்கினார். அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும், அது எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. நான் நடுவில் போய் நின்று, முள்ளை மாற்றியது நம் பையன், மெக்கானிக் இல்லை, நம் பையன் என்று தெருவே கேட்கக் கத்தினேன். ஓங்கின தடி ஓங்கினபடி நின்றது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுந்தது, ஆனால் என் மேல் இல்லை. திரும்பிப் போய் வண்டியை அடித்தார். ஹெட்லைட், டேங்க், கியர் பெட்டி, அந்த முள், எல்லாம் சிதறின. தடி வளைகிறவரை அடித்தார். அடிக்க வந்த லாரிக்காரனே பயந்துபோய் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான்.

மறுநாள் நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலிலேயே அந்தப் பெண் செருப்பைக் கழற்றி அப்பாவின் முகத்தில் அடித்தாள், தையல் போட்ட காதிலேயே பட்டு ரத்தம் வந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அவள் மூச்சு வாங்கி நிறுத்துகிறவரை. மெக்கானிக் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்கள் புகாரை வாபஸ் வாங்கவில்லை, வாங்கவும் வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார், தன் புகாரை மட்டும் கிழித்துப் போட்டார். மாமாவுக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள், நடந்தால் கொஞ்சம் நொண்டுவானாம். அவனிடமும் சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவனை ஊரில் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்போடணும் என்றான். சிரித்தான், ஆனால் கண்ணில் தண்ணீர் இருந்தது. கோபம் இல்லை என்று நான் உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

அப்பா உன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் பேசினார். அவனை இப்போ வரச் சொல்லாதே, என் கை என் பேச்சைக் கேட்குமா என்று எனக்கே தெரியவில்லை என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தன்னைப் பற்றிச் சொன்ன உண்மை அது ஒன்றுதான், அதனால் நம்புகிறேன். இந்த விடுமுறைக்கு வராதே கண்ணா. முன்பே எழுதியிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பாய் என்றுதான் ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். உனக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் அண்ணனுக்கு உன் கையால் தனியாக ஒரு கடிதம் எழுது, எனக்குப் போடும் கவரில் வைக்காதே, அவர் பட்டறை விலாசத்துக்கே போடு. நல்லெண்ணத்தில் செய்தேன் என்று ஆரம்பிக்காதே, நான்தான் கழற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை என்று ஆரம்பி. மாமாவுக்கு இன்னொன்று. நேரத்துக்குச் சாப்பிடு, நெஞ்சுக்குள் வைத்துக் குமையாதே, தூங்கு, யாராவது நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொள். கை கால் சுகத்தோடு, நோய் நொடி இல்லாமல், நூறு வயசு நீ நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வா என்று நான் என் கையெழுத்தில் எழுதுவேன், அன்றைக்குக் கிளம்பு. அதற்கு முன்னால் யார் போனில் கூப்பிட்டாலும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றே சொன்னாலும், கிளம்பாதே.

நீ பிறந்த நாளிலிருந்து உன்னைப் பற்றியே பயந்துகொண்டிருக்கும்,
உன் அம்மா.